மழைக்கு முன் தொட்டித் தோட்டம்



"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நம் ஊர் உழவர் வாக்கு. தமிழகத்தை விட்டு வந்து ஆண்டுகள் பல ஆயினும் இவ்வாக்கு நம் மனத்தை விட்டு அகலுவதில்லை. ஆனால், மாட்டுங்காவின் பால்கனியிலும், செம்பூர் வீட்டு முற்றத்திலும், தாராவியில் வாசலோரத் தகர டப்பாவிலும் செடி வளர்ப்போர் இதனை அப்படியே பின்பற்றினால் ஏமாற்றமே எஞ்சும். மும்பையில் தோட்ட வேலைக்குரிய மாதம் ஆடியன்று. கோடை முடியும் வைகாசியே ஆகும்.

காரணம் மழையின் போக்கில் இருக்கிறது. சென்னையில் ஓராண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக் காற்றினால் கிடைப்பது. மும்பையிலோ தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 11ஆம் நாளையொட்டித் தொடங்குகிறது. சாந்தாகுரூஸில் ஜூலையில் மட்டும் சராசரி 800 மில்லிமீட்டருக்கும் மேல்! சென்னை ஓராண்டில் பெறுவதில் பாதிக்கு மேற்பட்ட மழை இங்கே ஒரே மாதத்தில் கொட்டிவிடுகிறது. கதிரவனைக் காண்பதும் அரிதான அந்நாட்களில் விதை முளைக்குமுன் அழுகிவிடும்.

இதனை நான் பட்டே அறிந்தேன். இந்நகருக்கு மாற்றலாகி வந்த ஆண்டில், என் அன்னையார் ஊர்க் கொல்லையிலிருந்து பெயர்த்துக் கொடுத்த கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியில் வைத்தேன். கோடை முழுவதும் நீர் வார்த்துக் காத்தேன். ஜூலையில் இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. உரம் போதவில்லை போலும் என்றெண்ணி உரம் இட்டேன். பின்னர் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, அடித்துளையை மண் அடைத்திருந்தது. வேர் கறுத்து அழுகியிருந்தது. மறு கன்று கேட்பதற்குள் அன்னையார் காலமாகிவிட்டார், கொல்லையும் கைமாறிவிட்டது.

ஆகையால் முதல் வேலை வடிகால். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளில் நீர் தேங்கினால் காற்று வெளியேறி, வேர் மூச்சு முட்டி அழுகும். அக்னி நட்சத்திரம் கழிந்தபின், மாலை வேளையில் ஒவ்வொரு தொட்டியின் துளையையும் குச்சியால் குத்திச் சீர்செய்க. துளையின்மேல் ஓட்டுச் சில்லு ஒன்றை வைத்து, இறுகிய மண்ணில் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புக. தொட்டியை இரண்டு செங்கற்களின்மேல் ஏற்றி வைத்தால் நீர் தங்காது. புதிய தொட்டி வேண்டுவோர் தாராவியின் கும்பார்வாடாவில் வாங்கலாம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் மரபினரின் பகுதி அது. மண் தொட்டியின் சுவர் நீரைக் கசியவிடுவதால் வேருக்கு நல்லது.

மழை வரும்வரை வெயில் தணியாது. காலையில் நீர் வார்த்து, மண்ணின்மேல் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். இப்போது உரத்தை அள்ளி இடவேண்டா; முதற்பெருமழை அதனைக் கழுவிச் சென்றுவிடும். முற்றத்து முருங்கையின் நீண்ட கிளைகளைக் காற்றுக்கு முன்பே குறைத்துவிடுக. வெட்டிய கொம்பை மழை தொடங்கியதும் நட்டால் அதுவும் துளிர்க்கும். கைப்பிடிச் சுவர்மேல் உள்ள தொட்டிகளை இன்றே கீழே இறக்குக. அது தெருவில் நடப்போர் உயிரைக் காக்கும் செயல்.

விதைப்பில் வேறுபாடு அறிக. பாகல், புடல், பீர்க்கு, வெண்டை ஆகியவற்றை ஜூன் தொடக்கத்தில் ஊன்றினால், அடைமழைக்குள் நாற்று வலுப்பெறும். தக்காளியையும் கீரையையும் புரட்டாசி வரை நிறுத்தி வைப்பதே நன்று.

தொட்டியின் அடித்தட்டுகளை எடுத்துவிடுக. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தட்டிலுள்ள நீரில்தான் வளரும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். தட்டு இன்றியமையாததாயின், வாரந்தோறும் நீரைக் கொட்டி, ஒட்டிய முட்டைகள் நீங்கத் தேய்த்துக் கழுவுக.

இறுதியாக ஒன்று. ஆடியிலும் மும்பையில் விதைக்கத்தக்கது உண்டு, அது கறிவேப்பிலையே. அதன் கனிகள் மழைக்காலத்தில் கறுத்துப் பழுக்கும். விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடுமாதலால், சதையை நீக்கி உடனே ஊன்றி, கூரையின்கீழ் மழை படாமல் வைக்கவேண்டும். என் பால்கனியில் இன்று நிற்பது செம்பூர் அன்பர் ஒருவரின் வீட்டு மரத்துக் கனியிலிருந்து எழுந்தது. அன்னையார் தந்த கன்றுக்கு அது ஈடாகாது; எனினும் அதன் தொட்டித் துளையை வைகாசிதோறும் மறவாமல் குத்திவிடுகிறேன்.