பாட்டில் புகுந்த ‘ம்ம்ம்’ ஓசை

மீஞ்சூரில் ஒரு வீடு. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஸ்டீரியோவைப் போட்டுக் காட்டினான். கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு புறப்பட்டு, பழைய ஆம்ப்ளிஃபயர் வழியாக இரண்டு ஸ்பீக்கர்களுக்குப் போகிறது.

“பாட்டை நிறுத்தினாலும் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது சார். எண்களை ஒலி அலையாக மாற்றுவதில்தான் கோளாறு என்று நினைத்து, காசு சேர்த்து 24 பிட் ‘டாக்’ பெட்டி வாங்கினேன். பயனில்லை. நேற்று ஆம்ப்ளிஃபயர் பிளக்கைத் திறந்து பச்சைக் கம்பியைக் கழற்றினேன். ஓசை போய்விட்டது!” என்றான் பெருமையாக.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே ஸ்விட்சை அணைக்கச் சொல்லி, அவன் தந்தையைக் கொண்டு அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டவைத்தேன். பச்சைக் கம்பிதான் எர்த். உள்ளே மின்கம்பி ஒன்று நழுவி இரும்புப் பெட்டியைத் தொட்டால், மின்சாரம் எர்த் வழியே பாய்ந்து ஃபியூஸ் எரிந்துவிடும். எர்த் இல்லாவிட்டால்? பெட்டி 230 வோல்ட்டுடன் காத்திருக்கும். பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மற்ற இரண்டுக்கும் முன்பே அது தொட வேண்டும் என்பதற்காகத்தான்.

கம்பியை மாட்டியதும் முனகல் திரும்பி வந்தது. அது எங்கிருந்து வருகிறது?

பக்கத்தில் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையம் இருக்கிறது. அங்கே டர்பைன்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது வினாடிக்கு 50 சுற்று சுழல்கின்றன. நம் வீட்டு மின்சாரமும் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அந்தத் தாளத்தைத்தான் ஸ்பீக்கர் முனகிக்கொண்டிருந்தது!

கம்ப்யூட்டர் ஒரு சுவரிலும் ஆம்ப்ளிஃபயர் எதிர்ச் சுவரிலும் செருகப்பட்டிருந்தன. இரண்டு எர்த் கம்பிகளுக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு உண்டு. இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் ஆடியோ வயரின் வெளிப்பின்னல் அவற்றை ஒரு வளையமாக்கிவிடுகிறது. வளையத்தில் ஓடும் மின்னோட்டம் பாட்டோடு கலந்துவிடுகிறது.

சிறிய மின்னோட்டம்தானே என்று நினைக்க வேண்டாம். 1982இல் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க், ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒன்றாக எழுதுகிறது. பிளேயரின் வெளியீடு சுமார் 2 வோல்ட். அலையின் உச்சிக்கும் அடிக்கும் இடையே 5.6 வோல்ட். அதை 65,536ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு படி 0.09 மில்லிவோல்ட்கூட இல்லை! ஒரே ஒரு மில்லிவோல்ட் முனகல் பதினோரு படிகளை விழுங்கிவிடும். இதில் 16 பிட்டை 24 ஆக்கி என்ன பயன்?

எண்களோ அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. டிஸ்க்கில் 2 மில்லிமீட்டர் கீறல் விழுந்தாலும், கூடவே பதித்துள்ள உபரி எண்களைக் கொண்டு பிளேயர் விட்டதைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். எண் அலையாக மாறிய பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது.

இரண்டு பிளக்குகளையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினோம். ஓசை பெரிதும் அடங்கியது. எஞ்சியதற்கு ஒரு வழி, கம்ப்யூட்டரின் பின்பக்கமே இருந்தது: ஒளி இழைக்கான துளை. 1983இல் டோஷிபா அறிமுகப்படுத்திய முறை இது. எண்கள் சிவப்பு ஒளியின் மினுக்கலாகப் பிளாஸ்டிக் இழையில் செல்கின்றன. ஒளி செல்லும், மின்சாரம் செல்லாது. அவன் வாங்கிய ‘டாக்’ பெட்டியிலும் அந்தத் துளை இருந்தது. யுஎஸ்பி வயரை எடுத்துவிட்டு இழையைச் செருகி, பெட்டிக்குத் தனி அடாப்டர் கொடுத்தோம். வளையம் அறுந்தது. (வாங்கிய பெட்டி வீணாகவில்லை என்பதில் அவனைவிட அவன் தாய்க்குத்தான் மகிழ்ச்சி.)

பழைய திரைப்பாடல் ஒன்றைப் போட்டோம். பல்லவிக்கு முன்னால் மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்டது.

“இது எந்த வளையம் சார்?”

“இது வளையம் இல்லை, தம்பி. அந்தக் காலத்து ஒலிநாடாவின் இரைச்சல். இத்தனை நாள் முனகலுக்கு அடியில் இருந்திருக்கிறது.”