நஞ்சாவியை உண்ணும் நுண்ணுயிர்கள்

இராமேசுவரம், பாம்பன், மண்டபம் ஆகிய துறைகளில் விசைப்படகுகள் நெருங்கிக் கட்டிக்கிடக்கும் இடங்களில், நீரின்மேல் பலவர்ணம் காட்டிப் படரும் எண்ணெய்ப் படலத்தைப் பாராதார் இலர். எரிபொருள் எண்ணெய்களில் அடங்கிய பென்சீன், டொலுவீன், சைலீன் முதலிய இலேசான திரவங்கள் வெயில் பட்டதும் ஆவியாய் மறைகின்றன. மறைந்த காரணத்தால் அவை ஒழிந்தன என்று கொள்ளலாகாது, ஏனெனில் பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்ல விஷம். இவ்விஷத்தையே ஆகாரமாகக் கொண்டு கரியமில வாயுவும் நீருமாக மாற்றிவிடும் பாக்டீரியாக்கள் இயற்கையில் உண்டு; எண்ணெய் ஓயாமல் கசியும் துறைச் சேறே அவற்றைத் தேடத் தகுந்த இடம்.

1941-இல் புஷ்னெல், ஹாஸ் என்னும் இருவர் வகுத்த உப்புக் கரைசலில் கரிச்சத்து சிறிதும் இல்லை. அதனை அகார் சேர்த்துத் தட்டில் உறையவைத்து, சேறு கரைத்த நீரைத் தடவித் தட்டைக் கவிழ்த்து, மூடியில் வைத்த காகிதத் துண்டில் டொலுவீன் ஒரு துளி விட்டால், அந்த ஆவியை உண்ணத் தெரிந்தவை மட்டுமே வளரும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அகார் என்பது, இக்கரைப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் எடுக்கப்படுகிற பொருள்; கடற்பாசியின் நடுவே வாழ்ந்து பழகிய பாக்டீரியாக்களுட் சில, ஆவியை ஏறெடுத்தும் பாராமல் அகாரையே தின்று செழித்துவிடும். ஆகவே ஆவி காட்டாத தட்டொன்றையும் அருகில் வைத்து, அதிலும் வளர்வனவற்றைத் தள்ளிவிடவேண்டும்.

எஞ்சியவற்றை இறுக மூடிய புட்டிகளில் டொலுவீனோடு இட்டுவைப்பார்கள். டொலுவீன் குறைந்த மாத்திரத்தில் பாக்டீரியா உண்டது என்று சொல்லிவிட முடியாது. அது கசிந்திருக்கலாம், ரப்பர் மூடியே உறிஞ்சியிருக்கலாம். ஆதலால் கொல்லப்பட்ட பாக்டீரியாக்களை இட்ட புட்டியொன்றும் வேண்டும். இரண்டின் மேல்வெளிக் காற்றையும் கேஸ் குரோமடோகிராப் கருவியில் அளந்து, உயிருள்ள புட்டியில் அதிகமாகக் குறைந்தது எவ்வளவோ அவ்வளவே உண்ணப்பட்டதாகக் கொள்வர். அந்தப் பிணப் புட்டி இல்லாத பரிசோதனையின் முடிவை நான் ஒப்பமாட்டேன்.

புட்டியில் தேறிய பாக்டீரியாவுக்கு உப்புக் கரைசலின் வழியே நைட்ரஜனும் பாஸ்பரசும் நாம் தாராளமாக ஊட்டியிருக்கிறோம். மன்னார் வளைகுடாவின் தெளிந்த நீரில் அவை அருமை. அவற்றைக் கடலிற் கொட்டினாலோ, 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளின்மேல் பாசி படர்ந்து கேடு விளையும். எனவே படகுகளின் எண்ணெய்க் கழிவுநீரைக் கரையில் தொட்டியிற் சேர்த்து, மெல்லக் காற்றூட்டி, அங்கே இப்பாக்டீரியாக்களை வேலை வாங்குவதே தக்கது என்பது என் துணிபு. அத்தொட்டிக்கும் நல்ல மூடி வேண்டும். இல்லையேல் பாக்டீரியாவுக்குக் கிட்டுமுன் ஆவி ஊர்க்காற்றிற் கலந்துவிடும்.