ஆற்றுக்கு யார் பொறுப்பு?

2023 பிப்ரவரி 15. புதுக்கோட்டை மாவட்டம் பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளி மாணவிகள், தொட்டியம் பக்கம் உள்ள தனியார் கல்லூரி ஒன்றுக்குக் கால்பந்துப் போட்டிக்காக வந்திருந்தார்கள். போட்டி முடிந்து ஊர் திரும்பும் வழியில் மாயனூர். கதவணை, பரந்த மணல், ஆழம் தெரியாத காவிரி. அங்கே ஆற்றில் இறங்கிய பிள்ளைகளில் நான்கு பேர் பிணமாகத்தான் கரைக்கு வந்தார்கள்.

பந்து விளையாட என்று வீட்டிலிருந்து கிளம்பிய பயணம் ஆற்றில் முடிந்தது. “வந்ததுதான் வந்தோம், அப்படியே அதையும் பார்த்துட்டுப் போயிடலாம்” என்பது நம் ஊர்ச் சுற்றுலாக்களில் மிகச் சாதாரணமாக எழும் பேச்சு. கோயிலுக்குப் போகும் வேன் அணைக்கட்டுப் பக்கம் திரும்புவதும், அருங்காட்சியகம் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் பேருந்து படகுத்துறையில் போய் நிற்பதும் இப்படித்தான். ஓர் இடம் கூடும்போது கட்டணம் கூடுகிறது, நேரம் கூடுகிறது. தண்ணீருக்குப் பக்கத்தில் யார் பொறுப்பு என்பதை மட்டும் யாரும் பேசி வைப்பதில்லை.

தொட்டியத்திலிருந்து திருச்சி நோக்கிக் கிளம்பும் குடும்பத்துக்குப் பார்க்க ஒரு நாள் போதாது. வழியிலேயே சீனிவாசநல்லூரில் சோழர் காலத்துக் குரங்கநாதர் கோயில். மலைக்கோட்டை அடிவாரத்தில், ராணி மங்கம்மாள் மகாலுக்குள் அரசு அருங்காட்சியகம். ஸ்ரீரங்கம் கோயில் வளாகத்து அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்களும் செப்பேடுகளும். இவை அத்தனையையும் காவிரியும் கொள்ளிடமும் தொட்டுக்கொண்டோ சுற்றிக்கொண்டோ ஓடுகின்றன. லண்டனிலும் பாரிசிலும் அருங்காட்சியகமும் ஆற்றுப் படகும் ஒரே டிக்கெட்டில் கிடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இங்கும் அப்படி ஒன்று வந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டம் 111 நீர்வழிகளைப் பட்டியலிட்டது. அதில் காவிரி–கொள்ளிடம் 55ஆவது. இங்கே படகு வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பிச்சாவரம், கன்னியாகுமரி, தேக்கடி, மும்பை என்று படகும் பழஞ்சின்னமும் சேர்ந்த பேக்கேஜ்களில் நம்மவர்கள் ஏற்கெனவே ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அருங்காட்சியகத்தில் ஏமாற்றம் என்றால் பெரும்பாலும் பணத்தோடு போய்விடும். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அது தெரியாமலோ, தெரிந்தே மறைத்தோ வெள்ளிக்கிழமைப் பயணத்தில் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக் காசு வாங்கும் ஏற்பாட்டாளர், பூட்டிய கதவைக் காட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு வண்டியைத் திருப்பினால் அது சேவைக் குறைபாடு. சொன்ன இடத்தைக் காட்டவில்லை என்றால் அதற்குரிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே போக வழியில்லை என்றாலும் வாயை மூடிக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதியை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது.

தண்ணீரின் கதை வேறு.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்தது. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் இரண்டடுக்குப் படகு அது. ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. கரையில் விலங்குகள் தென்பட்டதும் பயணிகள் ஒரு பக்கமாக எழுந்து குவிந்தார்கள். படகு சாய்ந்தது. 45 பேர் இறந்தார்கள்.

எப்படிச் சாய்ந்தது என்பதைத் தொட்டியத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. வாழைத்தாரை உயரமாக அடுக்கிய லாரி வளைவில் திரும்புவதைப் பார்த்தவர்கள் அவர்கள். பாரம் மேலே போகப் போக வண்டி ஆடும். ஒரு பக்கம் ஒதுங்கினால் சக்கரம் தூக்கும். லாரிக்குக் கீழே தரையாவது இருக்கிறது. படகுக்குக் கீழே அதுவும் இல்லை. மேல்தளத்தில் இருபது பேர் உட்கார்ந்திருப்பதும், அதே இருபது பேர் எழுந்து செல்போனை நீட்டிக்கொண்டு ஒரே கம்பியில் சாய்வதும் படகுக்கு ஒன்றல்ல. பரிசல்காரர்கள் ஏறியதும் எல்லோரையும் குந்தவைத்து, “எழுந்திரிக்காதீங்க” என்று அதட்டுவது இதனால்தான். அந்த அதட்டலைக் கேட்டு யாரும் கோபப்பட வேண்டாம். அதட்டாத படகோட்டியைக் கண்டால்தான் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, பொழுது சாய்ந்த பிறகு ஆள் ஏற்றிப் போனார்கள். அங்கும் 22 உயிர்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்னி ஏரியில் பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் மூழ்கினார்கள். இடமும் மொழியும் வேறு. அளவு மீறிய ஆள், ஆளுக்கொன்று இல்லாத லைஃப் ஜாக்கெட் என்ற இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன.

பழஞ்சின்னமும் படகும் சேர்ந்த பயணத்துக்கு மிக நெருங்கிய உதாரணம் மும்பையில் இருக்கிறது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபன்டா குகைகளுக்குப் போகும் ‘நீல் கமல்’ படகின் மீது, 2024 டிசம்பர் 18 அன்று எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை வேகப்படகு ஒன்று கட்டுப்பாடு இழந்து மோதியது. 15 பேர் இறந்தார்கள். மோதியதில் பயணிகள் படகின் தவறு இல்லைதான். ஆனால் 84 பயணிகளுக்கு அனுமதி பெற்ற அந்தப் படகில் நூறுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். லைஃப் ஜாக்கெட் போடாமலே பயணித்தார்கள். அதன் பிறகுதான் அங்கே லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. வசதியான நாடுகளும் விதிவிலக்கல்ல. 2019 மே 29 இரவு புடாபெஸ்ட் நகரின் டான்யூப் ஆற்றில், கரையோர மாளிகைகளின் விளக்கொளியைப் பார்க்கப் போன சிறு படகின் மீது பெரிய சொகுசுக் கப்பல் மோதி 28 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தென் கொரியாவிலிருந்து பேக்கேஜில் வந்தவர்கள்.

ஆகவே ஏறுவதற்கு முன் இரண்டு நிமிடம் கரையிலேயே நிற்பது நல்லது. இயந்திரப் படகு என்றால், 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி அதற்குப் பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு, தகுதிச் சான்று பெற்ற பணியாளர் எல்லாம் இருக்க வேண்டும். பதிவு எண்ணும், எத்தனை பேர் ஏறலாம் என்பதும் கண்ணில் படும்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிராவிட்டால் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஏற வேண்டாம். ஏறுபவர்களை எண்ணுவதற்குக் கணக்குப் பிள்ளை தேவையில்லை, கூட வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை எண்ணிவிடும். லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வாரைத் தொங்கவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேலே கழன்று போகும். இடுப்பில் இறுகக் கட்டினால்தான் பயன். பெரியவர்களுக்கான ஜாக்கெட் குழந்தைக்குப் போதாது, நழுவிவிடும். குழந்தைக்கு அளவு இல்லை என்றால் அந்தப் படகு அந்தக் குழந்தைக்கு இல்லை.

காவிரியைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுகிறது. திறந்த தண்ணீர் இரண்டு மூன்று நாளில் திருச்சிப் பக்கத்து முக்கொம்பை எட்டுகிறது. மேட்டூர் நிரம்பி உபரி நீர் வெளியேறும் நாள்களில், நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று ஆளை இழுக்கும். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டதை இந்த வட்டாரம் மறந்திருக்காது. கல்லையும் இரும்பையும் பெயர்த்த வெள்ளம் அது. ஆட்சியர் அலுவலகம் வெள்ள எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில், “டிக்கெட் வாங்கியாச்சு” என்பதற்காக யாரும் துறைக்குப் போகக் கூடாது.

அந்த டிக்கெட் காசு என்ன ஆகும்? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கே துணைக்கு வருகிறது. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது அந்தச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. தண்ணீர் குறைந்தாலோ கூடினாலோ படகு ஓடாது என்பது ஏற்பாட்டாளருக்கு முன்பே தெரியும். படகு நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியில் கடல் மட்டம் தாழும் நாள்களில் படகு நின்றுவிடுவதை எத்தனையோ குடும்பங்கள் கரைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொள்கின்றன.

டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் “பயணிகள் தங்கள் சொந்தப் பொறுப்பில் ஏற வேண்டும்” என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் அத்துடன் தோற்றுவிடுகிறார்கள். தோற்க வேண்டியதில்லை. ஓட்டல் ஒன்றின் பணியாளரிடம் நிறுத்தக் கொடுத்த கார் திருட்டுப்போன வழக்கில், தன் கவனக்குறைவை இப்படிப்பட்ட வாசகத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ள முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காருக்கே அப்படி என்றால் உயிருக்கு? அதற்கும் தீர்ப்பு இருக்கிறது. 2006இல் கோவளத்தில், கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி நீச்சல் குளத்தில் ஒருவர் மூழ்கி இறந்தார். உயிர்காப்பாளர் என்று இருந்தவருக்கு மதுக்கூட வேலையும் சேர்த்துக் கொடுத்திருந்தது வழக்கில் வெளிவந்தது. குடும்பத்துக்கு 62.5 லட்சம் ரூபாய் தரச் சொன்ன தேசிய நுகர்வோர் ஆணையத்தின் முடிவை 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நடத்துவது அரசுக் கழகம் என்பது கேடயம் ஆகாது என்பதை இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளிச் சுற்றுலா என்றால் பெற்றோர் தனியே தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. 1995 மே மாதம் பஞ்சாப் பள்ளி ஒன்றிலிருந்து சுற்றுலாவுக்குப் போன 14 குழந்தைகள் பியாஸ் ஆற்றில் மூழ்கினார்கள். கூட்டிப்போன ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2001இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. எனவே பள்ளி கொடுக்கும் சம்மதப் படிவத்தில் எந்தெந்த இடம் என்று முழுமையாக எழுதச் சொல்வது பெற்றோரின் உரிமை. “மற்றும் பல இடங்கள்” என்று இருந்தால் அதை அடித்துவிட்டு, “ஆறு, ஏரி, படகு வேண்டாம்” என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடலாம். எந்த ஆசிரியரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குறை நேர்ந்த பிறகு எங்கே போவது? முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பேசித் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பலருக்குத் தெரியாத நல்ல செய்தி, விபத்தோ ஏமாற்றமோ எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. தேக்கடியில் பட்ட குறைக்குத் தொட்டியத்துக்காரர் திருச்சி ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு.

ஆனால் அதே பயணத்தில் வேன் மோதிக் காயம் என்றால் வழி வேறு. அது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும். 2022 ஏப்ரல் முதல் அங்கே ஆறு மாதக் காலக்கெடு சட்டத்தில் இருக்கிறது. இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று அசந்துவிடக் கூடாது. அளவு மீறி ஆள் ஏற்றிய, அல்லது பழுதான படகில் கூலிக்கு ஆள் கொண்டுபோவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். விபத்து நடக்கும்வரை காத்திருக்காமல், கண்ணால் பார்த்த அன்றே காவல் நிலையத்தில் சொல்லலாம். அவசரத்துக்கு 112. வழக்கு நடத்த வசதி இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம்.

இதற்கெல்லாம் சாட்சி வேண்டும். ஏறுமுன் படகின் பதிவு எண்ணையும் டிக்கெட்டையும் ஒரு படம் எடுத்து வீட்டிலிருப்பவருக்கு அனுப்பிவிடுங்கள். யுபிஐ ரசீதை அழிக்க வேண்டாம். ரொக்கமாகக் கொடுத்தால் துண்டுச்சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்தவரின் செல்போன் எண் பின்னால் பெரிய உதவியாக இருக்கும்.

முக்கொம்பிலோ அம்மா மண்டபத்திலோ தொட்டியம் கரையிலோ என்றைக்காவது ஒரு சுற்றுலாப் படகு கட்டப்படுமானால், முதல் நாளே அங்கே ஒரு பலகை நிற்க வேண்டும். படகின் எண், எத்தனை பேர், ஆய்வுச் சான்று எந்தத் தேதி வரை, இன்று மேட்டூரிலிருந்து எவ்வளவு தண்ணீர், குறை சொல்ல எந்த எண்: இவை தமிழில், கட்டண விவரத்துக்கு மேலே, தூரத்திலிருந்து படிக்கும் அளவில். ஊராட்சியோ பேரூராட்சியோ மாநகராட்சியோ, துறைக்கு அனுமதி கொடுப்பவர்கள் இதை நிபந்தனையாக எழுதலாம். கிராம சபையில் ஒருவர் எழுந்து இதைக் கேட்கவும் செய்யலாம்.