வென்ற பின்னரும் கதைக்க வேண்டும்

தோல்வி வந்தால் நாங்கள் எல்லோரும் ஆய்வாளர்கள் ஆகிவிடுகிறோம். யாருடைய பிழை, எங்கே பிழை, முன்னமே சொன்னேனே என்று இரவிரவாகக் கதைப்போம். வெற்றி வந்தாலோ கற்கண்டு கொடுத்து, கைதட்டி, வீட்டுக்குப் போய்விடுவோம். அது எப்படி வந்தது, யாரால் வந்தது, அதில் உழைப்பு எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று கேட்பவர் குறைவு. பெண்கள் சங்கங்களுடன் வேலை செய்பவள் என்ற முறையில் இதை நான் அடிக்கடி காண்கிறேன்.

வென்ற பின்னர் இருந்து கணக்குப் பார்க்கும் ஒரு கூட்டத்தைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். அவர்கள் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகர்கள். விளையாட்டுச் செய்தி எங்களுக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. இந்தக் கதையில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

என் சித்தியின் மகள் மெல்பேர்ணின் மேற்குப் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அங்குள்ள முதியவர்களில் பலர் இந்தக் கழகத்தின் ரசிகர்கள். "அக்கா, தோத்தா இவை பேசாமல் இருந்திடுவினம். வெண்டாத்தான் வாய் ஓயாது" என்று அவர் தொலைபேசியில் சொன்னபோதுதான் இந்த விடயம் என் கவனத்துக்கு வந்தது. அதன் பின் ஆட்டத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அவரிடமும் துருவித் துருவிக் கேட்டேன்.

விளையாட்டு எப்படி?

இது நாங்கள் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. மைதானம் முட்டை வடிவமானது. பந்தும் நீள்வட்டமானது. பக்கத்துக்கு 18 பேர் களத்தில் நிற்பார்கள். பந்தைக் காலால் உதைக்கலாம், கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம், முட்டியால் குத்தித் தோழருக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல். அதற்கு 6 புள்ளிகள். சற்று விலகிப் பக்கக் கம்பத்துக்குள் போனால் 1 புள்ளி மட்டும். ஆட்டம் நான்கு காற்பகுதிகளாக நடக்கும்.

ஏறத்தாழ இலக்கை அடைந்தவருக்கும் ஒரு புள்ளி உண்டு என்பது இதன் தனி அழகு. ஆனால் அந்த ஒற்றைப் புள்ளிகள் கூடக் கூட, தவறவிட்ட வாய்ப்புகளின் கணக்கும் எல்லோர் கண்ணிலும் படும்.

ஒரு ரசிகை நீதிமன்றம் போனார்

வெஸ்டர்ன் புல்டோக்ஸ் என்பது கழகத்தின் இன்றைய பெயர். முன்னர் அது புட்ஸ்கிரே என்று அழைக்கப்பட்டது. புட்ஸ்கிரே தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த இடம். வியட்நாம் போரிலிருந்து தப்பி வந்த அகதிகள் உட்பட, பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கு குடியேறினார்கள். வசதி குறைந்த ஊர், வசதி குறைந்த கழகம்.

1989 ஒக்டோபரில், கடன் சுமையிலிருந்த இந்தக் கழகத்தை வேறொரு கழகத்துடன் இணைக்கப் போவதாக அறிவித்தார்கள். ரசிகர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற ரசிகை தன் பெயரில் உயர் நீதிமன்றத்தில் வழக்கு வைத்தார். நீதிமன்றம் சில வாரங்கள் அவகாசம் கொடுத்தது. அதற்குள் 15 இலட்சம் டொலர் சேர்க்க வேண்டும். மக்கள் தகரப் பேணிகளைக் குலுக்கிக்கொண்டு வீதி வீதியாகப் போனார்கள். பணம் சேர்ந்தது, கழகம் பிழைத்தது.

இப்படிக் காப்பாற்றிய கழகம் உடனே வென்று கொடுக்கவும் இல்லை. 1954இல் கிண்ணம் வென்றதுதான். 1961இல் இறுதிப் போட்டியில் தோல்வி. 1985 முதல் 2010 வரை ஏழு தடவைகள் அரையிறுதியோடு நின்றுபோனார்கள். அவற்றுள் ஒன்று, 1997இல், இரண்டே புள்ளிகளில் பறிபோனது. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, வெற்றியைக் காணாமலே முதுமையும் அடைந்தது.

2016இன் வெற்றி

2016இல் அணி பட்டியலில் ஏழாம் இடத்தில் நின்றது. அந்த இடத்திலிருந்து எவரும் அதுவரை கிண்ணம் வென்றதில்லை. தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வெல்ல வேண்டும். பேர்த் நகருக்குப் போய் முதலாவதை வென்றார்கள். அடுத்து முந்திய மூன்று ஆண்டுகளின் வெற்றியாளர்களான ஹோதோர்ன் அணியை வென்றார்கள். மூன்றாவதை சிட்னியில் 6 புள்ளிகளால், அதாவது ஒரேயொரு கோல் வித்தியாசத்தில் வென்றார்கள். ஒக்டோபர் 1ஆம் திகதி, ஒரு இலட்சத்துக்குச் சற்றே குறைந்த மக்கள் முன்னிலையில், சிட்னி ஸ்வான்ஸ் அணியை 89க்கு 67 என்று வென்றார்கள். 62 வருடக் காத்திருப்பு அன்று முடிந்தது.

அடுத்த சில நாட்கள் முதியோர் இல்லத்தில் பாட்டும் அழுகையுமாக இருந்ததாம். பின்னர் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவர்கள் எதைக் கணக்கெடுத்தார்கள்?

முதலாவது, தங்கள் குறை. இடைவேளையின்போது சிட்னி 2 புள்ளிகளால் முன்னே நின்றது. மூன்றாம் காற்பகுதியில் புல்டோக்ஸ் அணிக்கு வாய்ப்புக்கு மேல் வாய்ப்பு வந்தது. ஆனால் கிடைத்தது 2 கோல்களும் 6 ஒற்றைப் புள்ளிகளும்தான். "அதிலே பாதியை ஒழுங்காக அடித்திருந்தால் கடைசி வரை நெஞ்சு பதறியிருக்காது" என்பது முதியவர்களின் முறைப்பாடு. வென்றுவிட்டோம் என்பதற்காக இதை எவரும் மறைக்கவில்லை.

இரண்டாவது, அதிர்ஷ்டம். சிட்னியின் நட்சத்திர வீரர் லான்ஸ் பிராங்ளின் தொடக்கத்திலேயே கணுக்காலில் காயப்பட்டார். நடுவர்கள் கொடுத்த தண்ட உதைகள் புல்டோக்ஸ் பக்கம் 20, சிட்னி பக்கம் 8. சிட்னி ரசிகர்கள் இதைச் சொல்லிக் கோபப்பட்டார்கள். புல்டோக்ஸ் ரசிகர்களில் சிலர் வாதாடினார்கள். சிலர், "ஓம், அன்று காற்று எங்கள் பக்கம் வீசியது" என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதால் அவர்களுடைய வெற்றி ஒரு புள்ளியேனும் குறையவில்லை.

மூன்றாவது, பெயர் தெரியாத உழைப்பு. அன்றைய சிறந்த வீரர் பதக்கம் ஜேசன் ஜொஹானிசனுக்குக் கிடைத்தது. ஆனால் ரசிகர்கள் அதோடு நிற்கவில்லை. கடைசி நிமிடங்களில் ரொம் பொய்ட் என்ற 21 வயது இளைஞர் வெகு தூரத்திலிருந்து உதைத்த கோலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பந்து அவர் கைக்கு எப்படி வந்தது? டேல் மொரிஸ் என்ற மூத்த வீரர் பிராங்ளினைப் பாய்ந்து பிடித்து விழுத்தியதால் வந்தது. பந்தைத் தட்டிவிடுதல், தோழருக்கு வழி மறித்துக் கொடுத்தல், எதிரியின் உதையைக் கையால் தடுத்தல் போன்ற சிறு வேலைகளுக்கும் அந்த விளையாட்டில் தனியான புள்ளிவிபரம் எழுதுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்று பெண்களின் வீட்டு வேலையைப் பற்றிப் படித்தோம். அதை எண்ணி எழுத ஒரு கொப்பி இருந்தால் எப்படி இருக்கும் என்பதை இங்கே கண்டேன்.

ஒன்றை மட்டும் நான் அவர்களோடு சேர்ந்து புகழமாட்டேன். மொரிஸ் முதுகெலும்பில் முறிவுடன் விளையாடினார் என்று பின்னர் தெரியவந்தது. பலர் அதை வீரம் என்றார்கள். நோவை மறைத்து வேலை செய்வதைப் பெருமையாகச் சொல்லும் பழக்கம் எங்களிடமும் உண்டு. அதனால் எத்தனை பெண்கள் வைத்தியசாலைக்குப் பிந்திப் போகிறார்கள் என்பதை நான் களத்தில் பார்க்கிறேன்.

களத்தில் இல்லாதவர்கள்

அணித் தலைவர் பொப் மர்பி அந்தப் பருவத்தின் மூன்றாவது ஆட்டத்திலேயே முழங்கால் காயப்பட்டு வெளியேறியவர். பல வருடங்கள் உழைத்தவர், அந்த ஒரு நாளில் விளையாட முடியாமல் போனது. கிண்ணம் கொடுக்கும் மேடையில் பயிற்றுநர் லூக் பெவரிட்ஜ் மர்பியைக் கூப்பிட்டு, தன் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி அவருக்கு அணிவித்தார். பின்னர் மர்பி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் வெற்றியின் கணக்கில், அன்று நிற்க முடியாதவரின் பெயரும் எல்லோர் முன்னிலையிலும் எழுதப்பட்டுவிட்டது.

என் தங்கை பராமரிக்கும் மூதாட்டி ஒருவர், தன் கணவரின் கல்லறைக்குப் போய்க் கழகத்தின் கழுத்துத் துண்டை வைத்துவிட்டு வந்தாராம். எமது வாசகிகளில் பலருக்கு அப்படிப் போய் எதையும் வைப்பதற்கு ஓர் இடமே இல்லை என்பதை நான் அறிவேன். வெற்றி, தோல்வி என்ற சொற்கள் எங்கள் வாயில் இலகுவாக வருவனவும் அல்ல. ஆனால் ஒரு பிள்ளை பரீட்சையில் சித்தியடையும்போது, வீட்டுக்குக் கூரை போட்டு முடியும்போது, இல்லாதவர்களின் பங்கையும் வாய்விட்டுச் சொல்வதற்கு எங்களுக்கும் உரிமை உண்டு.

இன்னொரு பாடமும் உண்டு. ரொம் பொய்ட் பெரும் தொகைக்கு ஒப்பந்தமானவர். அதனால் இறுதிப் போட்டிக்கு முன்னர் நிறைய ஏச்சு வாங்கினார். அன்று 3 கோல்கள் அடித்து எல்லோருக்கும் செல்லப்பிள்ளை ஆனார். அடுத்த ஆண்டே மன அழுத்த நோய் காரணமாக விளையாட்டிலிருந்து சிறிது காலம் விலகினார். 2019இல், 23 வயதில், மனநலத்தையும் உடல்நலத்தையும் காரணமாகச் சொல்லி முற்றாக ஓய்வு பெற்றார். ஒருவரின் வேலையை மதிப்பிடலாம். அந்த மதிப்பீடு அந்த மனிதரின் மனதுக்குள் நடப்பதைக் காட்டிவிடாது.

பெண்கள் அணியின் வெற்றி

இந்த விளையாட்டின் பார்வையாளர்களில் பெண்கள் நெடுங்காலமாகவே பெரும் பங்கினர். விளையாடும் வாய்ப்புத்தான் இல்லை. இந்தக் கழகத்தின் துணைத் தலைவராக இருந்த சூசன் அல்பேட்டி சிறுமியாக இருந்தபோது ஆசையோடு விளையாடியவர். 15 வயதோடு நிறுத்த வேண்டி வந்தது. பிற்காலத்தில் கணவரையும் ஒரே மகளையும் இழந்தவர், பெண்களுக்கான தேசியப் போட்டி வேண்டும் என்று விடாமல் குரல் கொடுத்தார். 2017 பெப்ரவரியில் அது தொடங்கியது. முதல் ஆட்டத்துக்கு 24,000க்கு மேற்பட்டோர் வந்து, இடமில்லாமல் வாயிற்கதவுகளை மூட வேண்டியதாயிற்று.

2018 மார்ச்சில் புல்டோக்ஸ் பெண்கள் அணி பிரிஸ்பேன் அணியை 27க்கு 21 என்று வென்று கிண்ணம் எடுத்தது. அணித் தலைவி கேட்டி பிரெனன் அன்று களத்தில் இல்லை. முந்திய ஆட்டமொன்றில் எதிர் வீராங்கனையைப் பிடித்து வீழ்த்திய முறைக்காக அவருக்குத் தடை விதித்திருந்தார்கள். ஆண்கள் போட்டியில் அபராதத்தோடு முடியக்கூடிய குற்றத்துக்குப் பெண்கள் போட்டியில் ஆட்டத்தையே இழக்க வேண்டியிருந்தது. மேன்முறையீடு செய்தும் தடை நீங்கவில்லை. எலி பிளக்பேர்ண் தலைமை தாங்கினார். 18 வயது மொனிக் கொன்ரி சிறந்த வீராங்கனை ஆனார். கிண்ணம் கைக்கு வந்த பிறகும் ரசிகைகள் அந்த விதியைப் பற்றிக் கேட்பதை விடவில்லை. வென்றுவிட்டோமே, இனி எதற்கு இந்தக் கதை என்று அநீதியை மூடிவிடவில்லை.

நாங்கள் என்ன செய்யலாம்?

2016இல் கிண்ணம் வென்ற ஆண்கள் அணி 2017இல் பத்தாம் இடத்துக்கு இறங்கியது. ஒரு வெற்றி அடுத்த வெற்றிக்கு உத்தரவாதம் அல்ல. அதனால்தான் வென்ற கையோடு கணக்குப் பார்ப்பது அவசியமாகிறது.

உங்கள் சங்கம் ஒரு கண்காட்சியில் பனையோலைப் பொருட்களை நன்றாக விற்றுவிட்டது, அல்லது சுழற்சிக் கடன் முழுவதும் திரும்பி வந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். தேநீர் போட்டு வைத்துக்கொண்டு இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. நாங்கள் நன்றாகச் செய்தது எது?
2. வென்றும் எங்கே தவறவிட்டோம்?
3. அதிர்ஷ்டத்தாலோ பிறர் உதவியாலோ கிடைத்தது எவ்வளவு?
4. கண்ணில் படாத வேலை செய்தவர் யார்? ஓலை வெட்டியவர், சாயம் போட்டவர், மற்றவர்கள் சந்தைக்குப் போனபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர், எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள்.
5. இம்முறை வர முடியாமல் போனவர் யார்? அவருக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுப்போம்?

முதல் தடவை எல்லோரும் தலைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பார்கள். அவசரப்பட வேண்டாம். நான்காவது கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஒருத்தி இன்னொருத்தியின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டால், மற்றக் கேள்விகளுக்கும் வாய் திறந்துவிடும். சொன்ன பெயர்களைக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டத்தில் உரத்து வாசியுங்கள்.