நண்டு ஊரும் முன்பே சிரிப்பு வருவது ஏன்?

குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பிடித்து, அதில் தன் முழங்கையை ஊன்றிச் சுழற்றிப் பருப்புக் கடைவார் பாட்டி. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அம்மாவுக்கு ஒரு கவளம், அப்பாவுக்கு ஒரு கவளம், மாமாவுக்கு, அத்தைக்கு என்று பங்கு வைப்பார். பங்கு முடிந்ததும் நண்டும் நரியும் புறப்பட்டுவிடும். பாட்டியின் இரண்டு விரல்கள் மணிக்கட்டிலிருந்து மெல்ல மெல்ல மேலேறும், முழங்கை மடிப்பில் கொஞ்சம் நிற்கும். அவை அக்குளைத் தொடும் முன்பே குழந்தை உடம்பைக் குறுக்கிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிக்கத் தொடங்கிவிடும்.

காசு செலவில்லை, பொம்மை வேண்டாம், மழை வெயில் பார்க்க வேண்டாம். ஆனால் இந்த விளையாட்டு எழுப்பும் கேள்விகள் நரம்பியல் அறிஞர்களுக்கு இன்றும் வேலை கொடுக்கின்றன. தொடாத இடத்தில் கூச்சம் எப்படி வந்தது? அதே குழந்தை தன் விரலால் தன் அக்குளைத் தொட்டால் ஏன் சிரிப்பு வருவதில்லை? பாட்டியின் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து இதையே செய்தால் ஏன் வீறிட்டு அழுகிறது?

மனிதருக்கு மட்டும்தான் கூச்சம் உண்டு என்றார் அரிஸ்டாட்டில். மனிதத் தோல் மெல்லியது, விலங்குகளில் சிரிக்கத் தெரிந்தது மனித இனம் ஒன்றே என்பவை அவர் சொன்ன காரணங்கள். சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் இன்னும் நுட்பமாகக் கவனித்து எழுதினார். அந்நியர் கிச்சுகிச்சு மூட்டினால் சிறு குழந்தை பயந்து அலறும் என்றார். தொடப்போகும் இடம் துல்லியமாகத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றும் குறித்தார். 1897இல் ஸ்டான்லி ஹால், ஆர்தர் ஆலின் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கூச்சத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கையில் எறும்பு ஊர்ந்தாலோ இறகு பட்டாலோ வரும் குறுகுறுப்பு ஒன்று. இதை நாமே நமக்கு வரவழைக்க முடியும். விலாவிலும் அக்குளிலும் உள்ளங்காலிலும் அழுத்தித் தொடும்போது அடக்க முடியாத சிரிப்பைக் கிளப்புவது மற்றொன்று. இதற்குக் கட்டாயம் இன்னொருவரின் கை வேண்டும்.

ஏன் இன்னொருவர் கை என்பதற்கு லண்டனில் விடை கிடைத்தது. சாரா-ஜெய்ன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃபிரித் மூவரும் 1998இல், சிலரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அவர்களின் உள்ளங்கையில் மெல்லிய பஞ்சால் வருடினார்கள். சில முறை பிறர் வருடினார்கள், சில முறை அவர்களே வருடிக்கொண்டார்கள். தாமே செய்தபோது தொடுவுணர்வுக்கான மூளைப் பகுதி அடங்கியிருந்தது. காரணம் சிறுமூளை. கையை அசைக்கச் சொல்லி ஆணை புறப்படும்போதே அதன் நகல் ஒன்று சிறுமூளைக்கு வந்துவிடுகிறது. எந்த நொடியில், எந்த இடத்தில், எப்படிப்பட்ட தொடுகை வரும் என்று அது கணக்கிட்டுச் சொல்லிவிட, வந்த உணர்வை மூளை பொருட்படுத்தாமல் விடுகிறது. நம் சட்டை நம் மேல் உரசுவதையும் நம் கை நம் தொடையில் படுவதையும் கழித்துவிட்டால்தான், கழுத்தில் ஏறும் பூரானை மூளை கவனிக்க முடியும்.

இதே குழுவினர் அடுத்த ஆண்டு செய்த சோதனையை நான் இன்னும் அழகானதாக நினைக்கிறேன். இடக்கையால் ஒரு பிடியை அசைத்தால், அந்த அசைவை ஓர் இயந்திரக் கை அப்படியே வாங்கி வலது உள்ளங்கையில் பஞ்சால் வருடும். வருடுவது தன் கைதான் என்பதால் கூச்சம் குறைவாகவே இருந்தது. ஆனால் பிடியை அசைப்பதற்கும் பஞ்சு வருடுவதற்கும் நடுவில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று தாமதத்தைக் கூட்டக் கூட்டக் கூச்சமும் கூடியது. சிறுமூளையின் கணக்கு அந்தச் சிறு அளவு பிசகினாலே போதும், நம் கையே பிறர் கையைப் போலாகிவிடுகிறது.

முழங்கை மடிப்பில் பாட்டியின் விரல்கள் நின்றதை இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருமுறை அங்கே நெடுநேரம் நிற்கும், மறுமுறை நிற்காமலே பாயும், இன்னொருமுறை பாதி வழியில் திரும்பிவிடும். எங்கே போகிறது என்பது குழந்தைக்குத் தெரியும். எப்போது போய்ச் சேரும் என்பது தெரியாது. இந்தக் காத்திருப்பு மூளையில் என்ன செய்கிறது என்று ஸ்வீடனில் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு பார்த்தார்கள். உள்ளங்காலில் கிச்சுகிச்சு வரப்போகிறது என்று தெரிந்து காத்திருந்தவர்களின் மூளையில், உண்மையாகவே தொட்டபோது இயங்கிய தொடுவுணர்வுப் பகுதிகள் தொடும் முன்பே இயங்கின. மூளையைப் பொறுத்தவரை நண்டு முன்னதாகவே அக்குளுக்கு வந்துவிட்டது. குழந்தை சிரித்தது அதனால்தான்.

சிரிப்பு கற்றுக்கொண்டதா, பிறவியிலேயே வந்ததா என்ற கேள்விக்குத் தன் வீட்டையே ஆய்வுக்கூடமாக்கினார் கிளாரன்ஸ் லூபா என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர். தன் குழந்தைக்குக் கிச்சுகிச்சு மூட்டும்போது யாரும் சிரிக்கக் கூடாது, முகத்தை அட்டையால் மறைத்துக்கொண்டு ஒரே மாதிரியாகத்தான் தொட வேண்டும் என்பது வீட்டில் அவர் போட்ட கட்டளை. குழந்தையைக் குளிப்பாட்டிய ஒருநாள் தாய் தன்னை மறந்து சிரித்து விளையாடிவிட்டதாகவும் சொல்வார்கள். எந்தத் தாய்தான் சிரிக்காமல் இருந்திருப்பார்! ஏழு மாதம் ஆனபோது, யாரும் சிரித்துக் காட்டாமலே, தொட்டதும் குழந்தை சிரித்தது. அடுத்துப் பிறந்த பெண் குழந்தையிடமும் அதே முடிவு. 1941இல் லூபா இதை வெளியிட்டார்.

1999இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் கிறிஸ்டின் ஹாரிஸும் நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் வேறொன்றைச் சோதித்தார்கள். கண்ணைக் கட்டி உட்காரவைத்த இளைஞர்களிடம், ஒருமுறை மனிதரும் ஒருமுறை இயந்திரமும் உங்கள் காலில் கிச்சுகிச்சு மூட்டும் என்றார்கள். இரண்டு முறையும் தொட்டது மேசைக்கடியில் ஒளிந்திருந்த ஒரே ஆள்தான். இயந்திரம் தொடுகிறது என்று நம்பியபோதும் அவர்கள் குறைவில்லாமல் சிரித்தார்கள். இதே ஹாரிஸ் பின்னாளில் முகபாவங்களைப் பதிவுசெய்து பார்த்தபோது, கிச்சுகிச்சுச் சிரிப்போடு வலியின் சாயலும் வெறுப்பின் சாயலும் கலந்து வருவதைக் கண்டார்.

வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. விக்கல் போல, தும்மல் போல இந்தச் சிரிப்பும் விருப்பத்தைக் கேட்காமல் வரக்கூடியது. அப்படியென்றால் சிரிப்பு வந்ததாலேயே மகிழ்ச்சி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மகிழ்ச்சியை வேறு எதைக் கொண்டு அறிவது?

இதற்கு வழி காட்டியவை எலிகள். எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய யாக் பாங்க்செப், எலிக்குஞ்சுகள் கட்டிப்புரண்டு விளையாடுவதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். வௌவால்களின் ஒலியைக் கேட்கப் பயன்படும் கருவியை வைத்தபோது, விளையாடும் எலிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுவது தெரிந்தது. மனிதக் காது கேட்கும் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான். 1990களின் பிற்பகுதியில் ஒருநாள் எலிகளைப் புரட்டிப்போட்டு வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தார். கீச்சொலி கருவியில் கொட்டியது. அதைவிட முக்கியம், கையை எடுத்ததும் எலிகள் அந்தக் கையைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தன. அரிஸ்டாட்டிலின் கூற்று அங்கேயே விழுந்தது.

பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் ஷிம்பேய் இஷியாமாவும் மைக்கேல் பிரெக்டும் 2016இல் இதை மூளைக்குள் தேடினார்கள். எலியின் உடற்பகுதித் தொடுகைக்கான மூளைப் புறணியில் சில நரம்பணுக்கள், கிச்சுகிச்சு மூட்டும்போது துடித்தன. கையைத் துரத்தி விளையாடியபோது, யாரும் தொடாமலேயே அவை துடித்தன. அந்த இடத்தில் மின்சாரத்தால் தூண்டியதும் எலிகள் கீச்சிட்டன. பிறகு அதே எலியை உயரமான குறுகிய மேடையில் வெளிச்சத்தில் நிற்கவைத்து அதே கையால் தொட்டார்கள். பயத்தில் இருந்த எலி கீச்சிடவில்லை. அந்த நரம்பணுக்களும் அடங்கிப்போயின. கையும் மாறவில்லை, தொட்ட இடமும் மாறவில்லை. மாறியது எலியின் மனநிலை மட்டும். பாங்க்செப் முன்பே இன்னொன்றைக் கண்டிருந்தார். எலிகள் விளையாடும் கூண்டில் கொஞ்சம் பூனை முடியைப் போட்டால் விளையாட்டு நின்றுவிடும். முடியை அகற்றிய பின்னும் சில நாட்களுக்கு அவை பழையபடி விளையாடவில்லை. அடிக்கும் கையோ உரக்கக் கத்தும் குரலோ இருக்கும் வீட்டில் குழந்தையின் விளையாட்டு ஏன் சுருங்கிவிடுகிறது என்பதை, இந்தப் பூனை முடியை நினைத்தால் என்னால் எளிதில் புரிந்துகொள்ள முடிகிறது.

பிரெக்டின் ஆய்வுக்கூடம் 2019இல் எலிகளோடு கண்ணாமூச்சியே ஆடியது. சுமார் 30 சதுர மீட்டர் அறை, ஒளிய அட்டைப்பெட்டிகள், ஆய்வாளர் ஒருவர், ஆறு இளம் எலிகள். ஓரிரு வாரத்தில் ஆறும் தேடக் கற்றன, அவற்றில் ஐந்து ஒளியவும் கற்றன. கண்டுபிடித்தால் தீனி கிடையாது. கிடைத்ததெல்லாம் கிச்சுகிச்சும் கொஞ்சம் விளையாட்டும்தான். தேடும்போது கீச்சிட்ட எலிகள், ஒளிந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டன. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பெட்டியை விட்டு, தெரியாத பெட்டியைத் தேர்ந்தெடுத்தன. ஆள் கண்டுபிடித்ததும் சில எலிகள் ஓடிப்போய் மறுபடி ஒளிந்துகொண்டன. நம் வீட்டுப் பிள்ளைகள் கதவிடுக்கில் செய்வதும் இதைத்தானே!

வாலில்லாக் குரங்குகளிடம் வந்தால் உறவு இன்னும் நெருங்குகிறது. மரீனா டவிலா ராஸ் தலைமையிலான குழு ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனபோ குட்டிகளுக்கும் மனிதக் குழந்தைகளுக்கும் கிச்சுகிச்சு மூட்டி ஒலிகளைப் பதிவுசெய்தது. ஒலிகளின் ஒற்றுமை வேற்றுமையைக் கொண்டு வரைந்த வம்சாவளி, மரபணுக்கள் காட்டும் வம்சாவளியோடு பொருந்தியது. சிரிப்பின் வேர் ஒரு கோடி முதல் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையரிடம் இருக்கிறது என்று 2009இல் அவர்கள் எழுதினார்கள்.

கைக்குழந்தையின் பக்கம் திரும்புவோம். நான்கு மாதக் குழந்தையின் ஒரு காலில் அதிர்வைத் தந்தால், கால்களைப் பின்னிவைத்திருந்தாலும் பெரும்பாலும் சரியான காலையே அசைக்கும். ஆறு மாதக் குழந்தை, கால்கள் பின்னியிருந்தால் தடுமாறும். லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு இது. வயது கூடிய குழந்தை ஏன் தவறுகிறது? சின்னக் குழந்தைக்குத் தொடுகை என்பது உடம்பில் நடக்கும் ஒன்று, அவ்வளவே. வெளியிலிருந்து ஒரு கை வந்து தொடுகிறது என்று அதற்குத் தெரியாது. ஆறு மாதத்தில்தான் உடம்பையும் சுற்றியுள்ள இடத்தையும் இணைத்துப் பார்க்கத் தொடங்குகிறது, அதனால்தான் குழப்பம். வருகிற கையைப் பார்த்துச் சிரிக்கும் விளையாட்டு அந்த வயதை ஒட்டிச் சூடுபிடிப்பதில் வியப்பில்லை.

முந்தானையால் முகத்தை மூடி, அம்மாவைக் காணோமே என்று தேடவிட்டு, சட்டென்று விலக்கிக் காட்டும் விளையாட்டும் அப்படித்தான். 1989இல் ஜெரோட் பாரட், ஹென்றி கிளைட்மன் இருவரும் குழந்தைகளோடு இதை ஆடும்போது இடையிடையே ஒரு மாற்றம் செய்தார்கள். மறைந்தவருக்குப் பதிலாக வேறொருவர் தோன்றினார், அல்லது மறைந்தவரே வேறு இடத்தில் தோன்றினார். திடுக்கிடல்தான் குழந்தைக்குப் பிடிக்கும் என்றால் சிரிப்பு கூடியிருக்க வேண்டும். ஆனால் அது குறைந்தது. எதிர்பார்த்த முகம், எதிர்பார்த்த இடத்தில், எப்போது என்று தெரியாத கணத்தில் வர வேண்டும். பாட்டியின் விரல்கள் முழங்கையில் நின்று செய்ததும் இதே வேலைதான்.

இனி, விருப்பத்தைக் கேட்காமல் வரும் அந்தச் சிரிப்புக்கு வருவோம். விசேஷ வீடுகளில் மாமாவோ பெரியப்பாவோ குழந்தையை இறுக்கிப் பிடித்து விலாவில் கிச்சுகிச்சு மூட்டுவதும், அது மூச்சுத் திணறிச் சிரிப்பதும், சுற்றியிருப்பவர்கள் ரசிப்பதும் நமக்குப் பழகிய காட்சி. அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு சம்மதம் அல்ல என்பதை ஹாரிஸின் சோதனைகள் காட்டிவிட்டன. மகிழ்ச்சிக்கு அடையாளம் எலிகள் செய்ததுதான்: விட்ட கையைத் தேடி வருவது. ஆகவே இரண்டு மூன்று நொடி மூட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். குழந்தை திரும்பவும் கையை நீட்டினால், ‘இன்னொரு தடவை’ என்றால், நூறு தடவை ஆடுங்கள். உடம்பைத் திருப்பிக்கொண்டாலோ, சிரிப்புக்கு நடுவே ‘போதும்’ என்றாலோ அந்த நொடியே நிறுத்துங்கள். பேசத் தெரியாத குழந்தை முகத்தைத் திருப்பினால் அதுவும் ‘போதும்’தான். தன் உடம்பைப் பற்றித் தான் சொன்ன சொல்லைப் பெரியவர்கள் மதிப்பார்கள் என்று ஒரு குழந்தை முதன்முதலில் கற்றுக்கொள்வது இந்த விளையாட்டில்தான். அதைச் சரியாகக் கற்றுக்கொடுங்கள்.