தூக்கத்தில் நடப்பவை: பேயா, பிணியா?

மனிதன் தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தூங்கியே கழிக்கிறான். அந்தப் பங்கைப் பற்றி நாம் பேசுவதோ மிகவும் குறைவு. தூக்கத்தில் எழுந்து நடப்பது, அலறுவது, பல்லை நறநறவென்று கடிப்பது, யாரோ நெஞ்சில் ஏறி அமுக்குவது இவையெல்லாம் வீட்டு ரகசியமாகவே இருந்துவிடுகின்றன. வெளியூரில் வாழும் நமக்கு, பக்கத்தில் கேட்டுச் சொல்லப் பெரியவர்களும் இல்லை. நான் வியாபாரி, வைத்தியன் அல்லன். படித்தும் டாக்டர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சமண நூல்களில் இதற்கு ஓர் இடம் உண்டு. உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் 8-ஆம் அத்தியாயம், காட்சியை மறைக்கும் தரிசனாவரணீய கர்மத்தை 9 வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் 5 வகை தூக்கம்தான்: நித்திரை, எழுப்பினாலும் எழ முடியாத நித்திரா-நித்திரை, உட்கார்ந்தபடியே கண் செருகும் பிரசலை, அதனினும் கடுமையான பிரசலா-பிரசலை, கடைசியாக ஸ்த்யானகிருத்தி. இந்தக் கடைசி வகைக்காரன் தூக்கத்திலேயே எழுந்து, பெரும் பலத்தோடு காரியம் செய்வான் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். தூக்கத்தில் நடப்பதைப் பேய் பிசாசின் வேலை என்று சொல்லாமல், அவனவன் தூக்கத்தின் கோளாறாகவே நம் முன்னோர் பார்த்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

தூக்கம் ஒரே மாதிரி இல்லை

1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குபவரின் மூடிய இமைக்குள் கண்விழி விரைந்து அசையும் நேரம் ஒன்று இருப்பதை வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. அந்த நேரத்தில் கை கால் தசைகளை மூளை பூட்டி வைத்துவிடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்தே ஓடிவிடுவான்! ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் சுமார் 90 நிமிடச் சுற்றாக மாறி மாறி வரும். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், பின்னிரவில் கனவுத் தூக்கம் அதிகம். இதை நினைவில் வைத்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

முன்னிரவில் வருபவை

எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம். 5 வயதுப் பையன், தூங்கின ஒரு மணி நேரத்தில் வீறிட்டு அலறுவான். கண் திறந்திருக்கும், வேர்த்துக் கொட்டும், அம்மாவையே அடையாளம் தெரியாமல் தள்ளிவிடுவான். காலையில் கேட்டால், "நான் எங்கே அழுதேன்?" என்பான். "குழந்தையைப் போட்டு அடிக்கிறாங்க" என்று பக்கத்து வீட்டார் சொசைட்டிக் கூட்டத்திலேயே பேசிவிட்டார்கள். பாட்டி ஊரிலிருந்து தாயத்து அனுப்பினார். குழந்தை மருத்துவரோ, இது ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழிப்பதால் வருவது என்று விளக்கினார்.

தூக்கத்தில் நடப்பதும் இதே இனம்தான். பரம்பரையாக வருவதுண்டு. தூக்கக்குறைவு, காய்ச்சல், நிறைந்த சிறுநீர்ப்பை ஆகியவை தூண்டிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானே நின்றுவிடும். உலுக்கி எழுப்ப வேண்டாம். எழுப்பினால் உயிர் போய்விடும் என்பது பொய், குழப்பம்தான் கூடும். மெல்லக் கையைப் பிடித்துப் படுக்கையில் விட்டால் போதும். தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்குக் கால் மணி, அரை மணி முன்னதாக லேசாக எழுப்பிவிட்டுத் தூங்கவைக்கும் முறையும் பலருக்குப் பயன்படுகிறது. உடம்பு விறைத்தாலோ, நாக்கைக் கடித்துக்கொண்டாலோ, ஒரே இரவில் பலமுறை வந்தாலோ வலிப்பாக இருக்கலாம். தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கோடை விடுமுறையில் ரயிலில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூக்கத்தில் நடக்கும் பிள்ளையைக் கதவுக்கு அருகிலோ மேல் பெர்த்திலோ படுக்கவைக்காதீர்கள். புது இடம், கெட்ட தூக்கம் இரண்டும் அங்கே சேருகின்றன. வீட்டில் என்றால் பால்கனிக் கதவைப் பூட்டி வையுங்கள்.

படுக்கையில் சிறுநீர் கழிப்பது 5 வயது வரை சகஜம். அதற்குப் பிறகும் அடித்தால் தீராது, அவமானம்தான் வளரும். 6 மாதம் நின்றிருந்து மறுபடி தொடங்கினால் சர்க்கரையும் சிறுநீரும் சோதிக்க வேண்டும்.

பின்னிரவில் வருபவை

ஊரில் "அமுக்குவான் பேய்" என்கிறோமே, அது கனவுத் தூக்கத்தில் போட்ட தசைப்பூட்டு திறக்குமுன் அறிவு விழித்துக்கொள்வதுதான். சில விநாடியோ ஓரிரு நிமிடமோ இருந்துவிட்டுப் போய்விடும். உயிருக்கு ஆபத்தில்லை. மல்லாந்து படுப்பவர்களுக்கும் ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் அதிகம் வரும்.

இதற்கு நேர்மாறானது, பூட்டே விழாமல் போவது. நண்பர் ஒருவர், ஓய்வு பெற்றவர், கனவில் திருடனோடு சண்டை போட்டுப் பக்கத்தில் படுத்திருந்த மனைவியை அடித்துவிடுவார். அந்த அம்மா கன்னத்து வீக்கத்தை, "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்று ஆறு மாதம் மறைத்தார். இந்நோயை 1986-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் என்னும் மருத்துவர்கள் விவரித்தார்கள். 50 வயதைத் தாண்டிய ஆண்களிடம்தான் மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. பல ஆண்டுகள் கழித்து வரக்கூடிய பார்க்கின்சன் நோய்க்கு இது முன்னறிவிப்பாக இருக்கலாம். ஆகவே வெட்கப்பட்டு மறைக்காமல் நரம்பியல் நிபுணரிடம் போக வேண்டும். மருந்து உண்டு. அதுவரை கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

குறட்டை

குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம் அல்ல. குறட்டை நடுவில் மூச்சே நின்று, பிறகு திணறித் தொடங்கினால் அது நோய். பகலில் கல்லாவில் கண் அசருவதும், வண்டி ஓட்டுகையில் தூங்கிவிடுவதும், ரத்த அழுத்தம் ஏறுவதும் இதன் விளைவுகள். 1981-இல் ஆஸ்திரேலியாவில் சல்லிவன் என்பவர் குழு வெளியிட்ட காற்றழுத்தக் கருவி இன்றும் முதன்மைச் சிகிச்சை. பிள்ளைகள் குறட்டை விட்டால் தொண்டைச் சதையைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகளே தூக்கத்தில் நடக்கவைக்கும்.

"கர்மம் என்று சொல்லிவிட்டு சிகிச்சை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கர்மம் உதயமாக நிமித்தமும் வேண்டும் என்பது எங்கள் சித்தாந்தம். கெட்ட தூக்கம், அகால உணவு, குடி ஆகிய நிமித்தங்களை விலக்குவது நம் கையில் இருக்கிறது. தூக்கத்தில் ஒருவர் செய்ததற்காக விழித்திருக்கும் நாம் அவரை அடிப்பதும் ஏசுவதும் ஹிம்சை அல்லாமல் வேறென்ன? ராத்திரி நடந்ததைக் காலையில் கோபமில்லாமல் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எப்படி என்ற அந்த ஒரு சீட்டு டாக்டருக்குப் பெரிய உதவி.