இலங்கை மலாய்: தீவகச் சொல்லும் தமிழ் நடையும்

மடகாசுக்கர் தொடங்கிப் பசிபிக் மாகடலின் அவாய்த் தீவுகள் ஈறாகப் பரந்து வழங்குவது ஆசுத்திரோனேசிய மொழிக்குடும்பம். ஐந்து என்னும் எண்ணை மலாயர் 'லிமா' என்பர். பிலிப்பைன் தீவினரும் சமோவா தீவினரும் அவ்வாறே கூறுவர். இப்பெருங் குடும்பத்தின் சிறு கிளையொன்று இலங்கையிலும் வேரூன்றியுள்ளது. அதுவே இலங்கை மலாய்.

ஒல்லாந்தர் ஆட்சியில் யாவா முதலிய தீவுகளிலிருந்து நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தினரும், படைவீரரும், அடிமைகளும் இந்நாட்டுக்குக் கொணரப்பட்டனர். பின்னர் பிரித்தானியரும் மலாய்ப் படையணியைப் பேணினர். 1869ஆம் ஆண்டில் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ச் செய்தித்தாள் அரபெழுத்தில் வெளிவந்தது. பாபா யூனுஸ் சல்தீன் அதன் ஆசிரியர். 1873இல் படையணி கலைக்கப்பட்டது. மொழியின் பெருந் துணையொன்றும் அத்துடன் நீங்கிற்று.

இம்மொழியின் இலக்கணம் தமிழ் மாணவர்க்கு வியப்பளிப்பது. 'ரூமா' என்றால் வீடு. மலாய் நாட்டில் வீட்டுக்கு என்பதை 'கெ ரூமா' என்றும், வீட்டில் என்பதை 'டி ரூமா' என்றும் சொல்லுவர். உருபு சொல்லுக்கு முன் நிற்கும். இலங்கை மலாயர் 'ரூமாநங்', 'ரூமாக' என்பர். நான்காம் வேற்றுமையும் ஏழாம் வேற்றுமையும் கற்கும் வன்னிச் சிறுவனுக்கு இம்முறை புதிதன்று. பயனிலையும் தமிழிற்போல் வாக்கியத்தின் இறுதியிலேயே வரும். பள்ளிவாசலிலும் மணவுறவிலும் தமிழ் பேசும் முஸ்லிம்களோடு கலந்து வாழ்ந்தமை இதற்கொரு காரணம். சிங்களமும் இவ்வமைப்பினதே, ஆதலின் அதன் பங்கையும் மறுத்தல் ஆகாது. சொல் தீவகத்தது, அச்சொற்கள் அமையும் முறையோ இம்மண்ணினது.

இன்று இலங்கையில் மலாயர் நாற்பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் உளர். எனினும் கொழும்பிலே பல இல்லங்களில் பெற்றோர் சிங்களத்தையோ ஆங்கிலத்தையோ பிள்ளைகளுக்குப் பேசலாயினர். தென்கரைச் சிற்றூராகிய கிரிந்தையிலோ பிள்ளைகள் மலாயையே தாய்மொழியாகப் பயின்று வளர்ந்தமையை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். ஆகவே மொழியின் வாழ்வு தொகையால் மட்டும் அமைவதன்று. வீட்டில் குழந்தையோடு பேசும் வழக்கால் அமைவதாம்.

வீட்டுப் பேச்சைச் 'சிதைந்த மலாய்' என இகழ்ந்து, மலேசியப் பொது மலாயைக் கற்பித்தால் மொழி பிழைக்கும் எனக் கருதியோரும் உளர். பொது மலாயைக் கற்றல் நன்றே. ஆயினும் வீட்டுப் பேச்சின் இடத்தை அது கொள்ளுமாயின், இம்மண்ணில் உருவான உருபுகள் மறையும். மூன்று நூற்றாண்டுக் கூட்டுவாழ்வின் சான்றும் உடன் மறையும். சிதைவென்று இகழப்படுவது உண்மையில் இலக்கணமே. அதனைப் பிறர்க்கு எடுத்துரைத்தல், தம் மொழியின் சாயலை அதிற் காணும் தமிழறிந்தார்க்கும் உரிய கடனாகும்.